பெல் பாய்லரும் நம் கடைப் பற்று நோட்டும்

திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் கடை வைத்திருக்கும் வணிக நண்பர்களுக்கு உலக வர்த்தகம் என்பது பத்திரிகைச் செய்தி அல்ல. பற்று நோட்டில் தெரிகிற விஷயம்.

1965ல் உற்பத்தி தொடங்கிய திருச்சி பெல் பாய்லர் தொழிற்சாலைக்குப் பல வருடங்கள் பெரிய போட்டி இல்லை. வந்த லாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு கேட்டு வாங்க வலுவான சங்கங்கள் இருந்தன. அந்தச் சம்பளமும் போனஸும் திருவெறும்பூர் முதல் ஸ்ரீரங்கம் வரை மளிகைச் சரக்காக மாறியதை நாம் அறிவோம்.

1991க்குப் பிறகு கதவு திறந்தது. மின் உற்பத்தியில் தனியார் வந்தார்கள். அவர்களுக்குச் சீன பாய்லர் மலிவாகக் கிடைத்தது. 2010ல் ரிலையன்ஸ் பவர் 36 யூனிட்டுகளுக்கு ஷாங்காய் எலெக்ட்ரிக்கிடம் ஆர்டர் கொடுத்தது. 2012 ஜூலையில் மத்திய அரசு 21 சதவீத வரி போட முடிவு செய்வதற்குள் பல ஆர்டர்கள் கைமாறிவிட்டன. 2015-16ல் பெல் நஷ்டக் கணக்குக் காட்டியது. நிலக்கரித் தட்டுப்பாடும், மின் திட்டங்கள் தேங்கியதும் காரணம்தான்; எல்லாப் பழியையும் சீனாக்காரன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

சரி, சம்பளம் இறங்கியதா? நிரந்தரத் தொழிலாளிக்கு இறங்கவில்லை. அவருடைய ஒப்பந்தம் எல்லா யூனிட்டுக்கும் சேர்த்து மேலிடத்தில் பேசி முடிப்பது. இறங்கியது துவாக்குடி ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில். பெல் வெளியே கொடுத்து வந்த வேலைதான் ஆர்டர் குறைந்ததும் முதலில் நின்றது. வெல்டருக்கும் கட்டிங் ஆளுக்கும் பேரம் பேசச் சங்கம் ஏது? முதலில் ஓவர்டைம் போயிற்று, பிறகு ஷிப்ட் போயிற்று, சில பட்டறைகளுக்குப் பூட்டும் விழுந்தது. கைத்தொழில் தெரிந்தவர்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் விமானம் ஏறினார்கள். நம் கடைகளில் பாக்கி நின்றது பெரும்பாலும் மீதிப் பேரிடம்தான்.

அதற்காகக் கதவை மூடு என்று நாம் கோஷம் போட முடியுமா? பர்மா உளுந்தும் கனடா பட்டாணியும் மூட்டை மூட்டையாக இறக்கி விற்றவர்கள் நாம். விலை இறங்கியபோது வாடிக்கையாளர் மகிழ்ந்தார், உழவர் வாடினார். பாய்லரிலும் அதே கணக்குதான். லாபம் நாடு முழுக்கப் பரவுகிறது, நஷ்டம் ஓர் ஊரில் குவிகிறது. குவிகிற இடத்திலும் சங்கம் இல்லாதவன் தலையில்தான் முதலில் விழுகிறது. நிரந்தரத் தொழிலாளர் சங்கங்கள் பட்டறை ஆட்களையும் சேர்த்துக்கொண்டு பேசியிருந்தால் இந்தப் பாரம் கொஞ்சம் பங்கு பிரிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

2019 ஜனவரியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் திருச்சியில்தான் தொடங்கி வைத்தார்கள். அந்த வேலைக்குத் தரச்சான்று வேண்டும், புது இயந்திரம் வேண்டும். பத்து ஆள் வைத்து ஓட்டுகிற பட்டறைக்கு அந்த முதலை யார் கொடுப்பார்கள் என்று நம் சங்கக் கூட்டத்தில் வங்கி அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.