விண்ணேறியோர் யாவரும் வீரரா?

1961ஆம் ஆண்டில், அமெரிக்காவில் வாலி ஃபங்க் என்னும் இளநங்கை, விண்வெளி வீரர்களுக்குரிய உடற்சோதனைகள் பலவற்றை ஏற்றுத் தேறினார். ஒளியும் ஒலியும் புகாத நீர்த்தொட்டியில் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மிதந்திருந்தார். ஆயினும், ஜெட் விமானச் சோதனை ஓட்டிகளையே நாசா நாடியது. அப்பணியோ அந்நாளில் பெண்களுக்குக் கிட்டாதது. வாயில் அடைபட்டது.

அறுபது ஆண்டுகள் கழித்து, 2021 ஜூலை 20 அன்று, பெருஞ்செல்வர் ஜெஃப் பெசோசின் விருந்தினராக, தமது 82ஆம் வயதில் அவர் விண்ணேறினார். உடன் சென்றோருள் ஒருவர் 18 வயது மாணவர். அவருக்காகத் தந்தையார் கட்டணம் செலுத்தியிருந்தார். ஏறத்தாழப் பத்து நிமிடப் பயணம். கலம் தானே இயங்கியது, செலுத்துவோர் எவருமிலர்.

அதே நாளில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் புதுவிதி ஒன்றை வகுத்தது. விண்வீரர் சிறகுச் சின்னம் பெற 80 கிலோமீட்டர் உயரம் கடந்தால் மட்டும் போதாது. பணிக்குழுவினராய்ச் சென்று, பயணப் பாதுகாப்புக்கு உதவும் செயலும் ஆற்றியிருத்தல் வேண்டும்.

விதி நேரியதே என்பது நம் கருத்து. உரோமைக்குத் திருப்பயணம் சென்று வந்தவரை நாம் குருவானவர் என்று அழைப்பதில்லை அன்றோ! ஆனால், அம்மூதாட்டியை எண்ணுங்கால் நம் எழுதுகோல் தயங்குகிறது. பணியை அவர் மறுக்கவில்லை. பணியே அவருக்கு மறுக்கப்பட்டது.

அவ்வாண்டின் இறுதியில், உரிமம் பெற்ற கலங்களில் அவ்வாண்டு பறந்தோர்க்கெல்லாம் சின்னம் வழங்கிவிட்டு, நிர்வாகம் அத்திட்டத்தையே முடித்துக்கொண்டது. மாணவருக்குக் கிடைத்த அதே சிறகே வாலி ஃபங்க் அம்மையாருக்கும் கிடைத்தது.