தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம்



கல்முனையிலோ மருதமுனையிலோ பதினாறு வயதுக் குமருக்கு மாப்பிள்ளை பேசினால், சபையில் எதைப் பேசுவோம்? சீதனம், கைக்கூலி, வீடு வளவு. பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சையை யாராவது நினைவூட்டினால், "இனிப் படித்து என்ன?" என்று ஒரு மாமி வாயை அடைத்துவிடுவார்.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், காதியின் அனுமதி இல்லாமல் பதிய முடியாதென்று கோடு போட்டது பன்னிரண்டு வயதுக்குக் கீழேதான். 1995இல் ஏனையோருக்குத் திருமண வயது 18 ஆனபோதும் நாம் அதில் சேர்க்கப்படவில்லை. 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2018இல் அறிக்கை கொடுத்தது; உறுப்பினர்கள் இரு பிரிவாக நின்றார்கள்.

சட்டம் கிடக்கட்டும். பிள்ளையின் மூளையைப் பாருங்கள். உயரம் நின்ற பிறகும் அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. திட்டமிடவும் அவசரத்தை அடக்கவும் உதவும் நெற்றிப்புறப் பகுதி இருபத்தைந்து வயதளவில்தான் முதிர்கிறது. அதுவரை பழகும் இணைப்புகள் பலப்படும், பழகாதவை கழியும். பதினாறில் புத்தகத்தை மூடச் சொல்வது அந்த நேரத்தில்தான்.

தாய்மை அறிவை மழுக்கும் என்று நான் சொல்லவில்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், முதற்பிள்ளை பெற்ற பெண்களின் மூளை மாறியிருந்தது, நினைவாற்றல் குறையவில்லை. ஆனால் அவர்கள் வளர்ந்த பெண்கள். நம் பிள்ளைக்கோ தன் உடலும் வளரவேண்டும், வயிற்றுப் பிள்ளையும் வளரவேண்டும். இரும்புச்சத்து இருவருக்கும் போதாமற் போனால் களைப்பும் கவனக்குறைவும் வரும். "சோம்பேறி" என்று ஏசுமுன் கிளினிக்கில் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இருபது வயதுக்குக் குறைந்த தாய்மாருக்குப் பிரசவ வலிப்பு நோயின் ஆபத்தும் அதிகம்.

கலியாணம் பிந்துவதே நல்லது. முடிந்துவிட்ட வீடுகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. நம் கரையோரத்தில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். உம்மா பக்கத்திலேயே இருக்கிறார். வேறு ஊர்ப் பெண்களுக்குக் கிடைக்காத வசதி இது! அதை ஆக்குவதற்கும் துவைப்பதற்கும் மட்டுமா வைத்திருப்பது? பிள்ளையைத் தொட்டிலில் ஆட்ட உம்மா இருந்தால், மகள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதலாம்.

இதையும் மாப்பிள்ளை பேசும் சபையிலேயே பேசிவிடுங்கள். பிள்ளை பிறந்த பிறகு பேச யாருக்கும் நேரமிராது.