வாணலியில் கடுகு வெடித்தாற்போல்!

கிரிக்கெட் என்றாலே உங்களுக்கு வேப்பங்காயா? ஆண்பிள்ளைகளை வேளைக்குச் சாப்பிட வரவிடாமல் கட்டிப் போடும் அந்த ஆட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அலுத்துக் கொள்பவரா? அப்படியானால், மயிலாப்பூர் வித்யா மந்திரில் படித்த பிள்ளை ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் 1959 டிசம்பர் 21-ம் தேதி பிறந்தவர். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் எலெக்ட்ரிகல் படித்துப் பட்டம் வாங்கியவர். அத்தகைய பிள்ளையிடம் மயிலாப்பூர் வேறென்ன எதிர்பார்க்கும்? நல்ல உத்தியோகம், மாலையானால் வீடு! இவரோ 1981 நவம்பரில், இருபத்திரண்டு வயது நிரம்புமுன், இந்தியாவுக்காக முதல் ஆட்டக்காரராகக் களத்தில் இறங்கிவிட்டார்.

ஜோடியாக இறங்கியவர் சுனில் கவாஸ்கர். அவருடைய ஆட்டம் பில்டரில் டிகாக்ஷன் இறங்குவது போல. சொட்டுச் சொட்டாக, நிதானமாக. 1975 உலகக் கோப்பைப் பந்தயமொன்றில் அறுபது ஓவரும் நின்று அவர் எடுத்தது 36 ரன்! ஸ்ரீகாந்தின் ஆட்டமோ, காய்ந்த எண்ணெயில் கடுகைப் போட்டாற்போல. முதல் ஓவர், புதுப் பந்து என்ற பயமெல்லாம் கிடையாது. அடிதான்! அடித்ததும் ஸ்கொயர் லெக் பக்கம் ஒரு நடை. மூக்கை ஓர் உறிஞ்சல். சூரியனை அண்ணாந்து ஒரு பார்வை. பெரியவர்கள் தலையிலடித்துக் கொண்டார்கள். ரசிகர்களுக்கோ பரமானந்தம்!

1983 ஜூன் 25. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே மேற்கிந்தியத் தீவின் வேகப் புயல்கள். கவாஸ்கர் 2 ரன்னில் திரும்பிவிட்டார். ஸ்ரீகாந்த் அசரவில்லை. ஒரு முழங்காலை மடக்கி, ஆண்டி ராபர்ட்ஸின் பந்தை எல்லைக் கோட்டுக்கு விரட்டினார். மொத்தம் 38 ரன். "பூ, இவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். அன்று இரண்டு கட்சியிலும் அதற்கு மேல் எடுத்தவர் எவருமில்லை! இந்தியா எடுத்தது 183. ஜெயித்தது 43 ரன் வித்தியாசத்தில்.

ஆனால், வெடிக்கும் கடுகு கையிலும் தெறிக்குமல்லவா? 43 டெஸ்டுகளில் அவர் எடுத்தது 2,062 ரன். சதங்கள் இரண்டுதான்: 1986-ல் சிட்னியில் 116, 1987-ல் நம் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 123. 1989-ல் காப்டனாகப் பாகிஸ்தான் சென்றார். நான்கு டெஸ்டில் ஒன்றிலும் தோற்கவில்லை. பதினாறு வயதுச் சச்சின் டெண்டுல்கர் முதன்முதலில் ஆடியதும் அவர் தலைமையில்தான். ஆனால் அவருடைய மட்டை மட்டும் ஊமையாகிவிட்டது. காப்டன் பதவி போயிற்று. அணியில் இடமும் போயிற்று.

கொஞ்சம் நிதானித்திருந்தால் ரன் கூடியிருக்கலாம். ஆனால் அப்போது அவர் ஸ்ரீகாந்தாக இருந்திருப்பாரா? மீண்டும் இடம் பிடித்து, 1992 உலகக் கோப்பையிலும் ஆடினார். 1996 உலகக் கோப்பையில் இலங்கையின் ஜயசூரியா முதல் ஓவரிலிருந்தே விளாச, உலகமே வியந்தது. நம் சென்னைக்கு அது பழகிய காட்சி! 2011-ல் இந்தியா மறுபடி உலகக் கோப்பையை வென்றபோது, வீரர்களைப் பொறுக்கும் குழுவின் தலைவர் யார் தெரியுமா? அதே ஸ்ரீகாந்த்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு துறுதுறுத்த பிள்ளை இருக்கிறானா? பட்டம் வாங்கச் சொல்லுங்கள், அம்மா. மட்டையை மட்டும் பிடுங்கி வைத்துவிடாதீர்கள்!