ஒற்றை விரல் பாஸ்காரர்!

1983-ம் ஆண்டு மார்ச் மாதம் 25-ந் தேதி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பசடேனா நகரில் ஒரு பெரிய விழா நடந்தது.

"மோட்டவுன்" என்ற இசைத்தட்டு கம்பெனியின் வெள்ளி விழா அது. பெயர் பெற்ற பாடகர்களும் பாடகிகளும் ஒருவர் பின் ஒருவராக மேடை ஏறினார்கள். மைக்கேல் ஜாக்சன், முன்னால் நடப்பது போல் காலை வைத்துப் பின்னால் வழுக்கிக் கொண்டு போவாரே, அந்த நடனத்தை டெலிவிஷன் மூலம் உலகம் பார்த்தது இந்த விழாவில்தான்.

மாடி வரிசையில், டிக்கெட் வாங்கிக் கொண்டு வந்த கூட்டத்தோடு கூட்டமாக ஒருவர் உட்கார்ந்து இருந்தார். வயது 47. மோட்டவுன் கம்பெனியின் புகழ் பெற்ற பாட்டுகளில் மிகப் பலவற்றுக்கு அடித்தளம் போட்டவர் அவர். ஆனால் அவரை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை.

அவர் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவர் வாசித்தது பாஸ் கிதார்.

அடியில் ஓடும் ஒலி

ஒரு பாட்டைக் கேட்கும்போது காது முதலில் பாடுகிறவரைத் தேடும். பிறகு வயலினைத் தேடும், புல்லாங்குழலைத் தேடும். எல்லாவற்றுக்கும் அடியில் "தும், தும்" என்று ஓர் ஒலி ஓடிக் கொண்டே இருக்கும். அது இருக்கும்போது யாரும் கவனிப்பது இல்லை. அதை நிறுத்திவிட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்குவது போல் ஆகிவிடும். அதுதான் பாஸ்.

இளையராஜா இசை அமைத்த சினிமாப் பாட்டுகளைக் கேட்டவர்களுக்கு இது புதிது அல்ல. பாடுகிறவரின் குரலுக்கு அடியில் இன்னொரு ஒலி தனி வழியில் நடந்து போகும். அது பாஸ் கிதார்.

பாஸ் கிதாரில் வழக்கமாக நான்கு தந்திகள். ஒவ்வொன்றும் தடிமனாக இருக்கும். மிகத் தடித்த தந்தி ஒரு வினாடிக்கு 41 தடவைதான் அதிரும். அதனால்தான் அந்த ஒலியைக் காதால் கேட்பதைவிட நெஞ்சால் கேட்கிறோம் என்று தோன்றுகிறது.

ரேடியோ ரிப்பேர்காரர் செய்த வேலை

முன்பெல்லாம் மேல்நாட்டு வாத்தியக் கோஷ்டிகளில் "டபுள் பாஸ்" என்ற வாத்தியம் இருந்தது. வயலினை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் டபுள் பாஸ். நின்று கொண்டு, கட்டிப் பிடித்துக் கொண்டுதான் வாசிக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போகும்போது அதைக் கொண்டு போவது பெரும் பாடு. இவ்வளவு சிரமப்பட்டு எடுத்துக் கொண்டு போனாலும், டிரம்சும் டிரம்பெட்டும் முழங்கும் இடத்தில் அதன் ஒலி எடுபடாது.

1930-களில் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் மின்சார பாஸ் ஒன்றைச் செய்தார். அது பரவவில்லை.

பிறகு வந்தவர் லியோ பெண்டர். கலிபோர்னியாவில் புல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்து இருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது! வாசிப்பவர்கள் சொல்லும் குறைகளைக் காது கொடுத்துக் கேட்பார். வீட்டுக்குப் போய் யோசிப்பார். அவ்வளவுதான். 1951-ம் ஆண்டு அவர் செய்து விற்ற வாத்தியம்தான் "பிரிசிஷன் பாஸ்".

பிரிசிஷன் என்றால் துல்லியம் என்று அர்த்தம். ஏன் அந்தப் பெயர்? டபுள் பாசில் வீணைக்கு இருப்பது போன்ற மெட்டுகள் கிடையாது. விரல் மயிரிழை தவறினாலும் சுருதி தப்பும். பெண்டர் தன் வாத்தியத்தில் மெட்டுகள் வைத்தார். விரலைச் சரியான மெட்டுக்குள் வைத்தால் சுரம் தானாக நிற்கும். தோளில் மாட்டிக் கொண்டு ஆடிக் கொண்டே வாசிக்கலாம்.

மரத்துக்குள் காற்றறை கிடையாது, கெட்டியான பலகை. அப்படியானால் ஒலி எப்படி வருகிறது? தந்திகளுக்கு அடியில் காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி இருக்கும். உருக்குத் தந்தி அதிர்ந்தால் அந்தச் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறார்கள்.

எந்தப் பாசுக்கு எந்தக் குரல்?

இந்தக் காந்தச் சுருளை எங்கே வைப்பது என்பதில்தான் பாசின் குரல் பெரும்பாலும் அடங்கி இருக்கிறது. வீணை வாசிப்பவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். தந்தியை அதன் முனைக்குப் பக்கத்தில் மீட்டினால் ஒலி கணீர் என்று இருக்கும். நடுப்பக்கம் தள்ளி மீட்டினால் உருண்டு திரண்டு வரும்.

பிரிசிஷன் பாசில் சுருள் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. (1957-ம் ஆண்டு முதல் அதை இரண்டு துண்டாக்கினார்கள். மின்சார இரைச்சல் குறைந்தது.) அதன் குரல் ஒன்றே ஒன்றுதான், கனமான குரல்.

1960-ம் ஆண்டு பெண்டர் கம்பெனி "ஜாஸ் பாஸ்" என்று இன்னொன்றை வெளியிட்டது. இதில் இரண்டு சுருள்கள். ஒன்று தந்தியின் முனைக்கு அருகில். இரண்டையும் கூட்டிக் குறைத்துப் பல குரல் எடுக்கலாம். கழுத்தும் மெலிது. சின்னக் கை உள்ளவர்களுக்குச் சுகம்.

ஜெர்மனியில் ஹாப்னர் கம்பெனி வயலின் வடிவத்தில் ஒரு பாஸ் செய்தது. உள்ளே காற்றறை உண்டு. தந்தியும் குட்டை. பஞ்சுப் பொதியில் தட்டினாற்போல் மெத்தென்று ஒலித்து, சீக்கிரம் அடங்கிவிடும். பீட்டில்ஸ் கோஷ்டியின் பால் மெக்கார்ட்னி 1961-ம் ஆண்டு ஹாம்பர்க் நகரில் அதை வாங்கினார். விலை சுமார் 30 பவுன். பெண்டர் வாங்க அப்போது அவரிடம் பணம் இல்லை. அதோடு அவர் இடது கைக்காரர். வயலின் வடிவத்துக்கு இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால், திருப்பிப் பிடித்தாலும் அவலட்சணமாகத் தெரியாது!

மூன்றில் எது உயர்ந்தது? வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்துப் பாஸ் வாங்கியவர்கள் பலர் பிறகு ஏமாந்து இருக்கிறார்கள். தனியாக வாசிக்கும்போது தேனாக இனிக்கிற பாஸ், இரண்டு கிதாரும் டிரம்சும் சேர்ந்தவுடன் இருக்கும் இடம் தெரியாமல் போய்விடும். கூட்டத்துக்கு நடுவே அமுங்காமல் நிற்பதில் பிரிசிஷன் பாசை அடித்துக் கொள்ள ஆள் இல்லை.

வாட்ஸ் கணக்கு

பாஸ் மட்டும் இருந்தால் போதாது. ஒலியைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிபயரும் சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் பல கோஷ்டிகள் தடுக்கி விழுந்தன.

மனிதக் காதுக்கு ஒரு குணம் உண்டு. கீச்சுக் குரல் சன்னமாக இருந்தாலும் கேட்கும். அடிக்குரல் பலமாக இருந்தால்தான் கேட்கும். ஆகவே பாஸ் ஒலிக்க, சாதாரணக் கிதாரைவிடப் பல மடங்கு சக்தி வேண்டும். ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும்.

அந்தச் சக்தியை வாட்ஸ் என்று கணக்கிடுகிறார்கள். 25 வாட்ஸ் ஆம்ப்ளிபயரை விற்றுவிட்டு 50 வாட்ஸ் வாங்கினால் ஒலி இரண்டு மடங்கு ஆகிவிடும் என்று நினைப்பார்கள். ஆகாது. கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் சுமார் 250 வாட்ஸ் வேண்டும்!

லியோ பெண்டர் 1952-ம் ஆண்டு "பாஸ்மேன்" என்ற ஆம்ப்ளிபயரை வெளியிட்டார். இதில் ஒரு வேடிக்கை. பாசுக்காகச் செய்த அந்தப் பெட்டி பிற்காலத்தில் கிதார்காரர்களுக்குத்தான் அதிகம் பிடித்துப் போயிற்று. லண்டனில் கடை வைத்து இருந்த ஜிம் மார்ஷல் அதன் மாதிரியைப் பார்த்துத்தான் 1962-ம் ஆண்டு தன் முதல் ஆம்ப்ளிபயரைச் செய்தார்.

பாஸ்காரர்களின் மனதைக் கவர்ந்தது "ஆம்பெக்" கம்பெனி. அதை நடத்திய எவரெட் ஹல் ஒரு டபுள் பாஸ்காரர். 1960-ம் ஆண்டு அந்தக் கம்பெனி "பி-15" என்ற பெட்டியை வெளியிட்டது. 25 வாட்ஸ். 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. கச்சேரி முடிந்ததும் வால்வுகள் உள்ள மேல் பாகத்தை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடலாம். நாதம் வெண்ணெய் போல் இருக்கும். ரிக்கார்டிங் அறைகளில் அதற்குத் தனி மதிப்பு.

ஆனால் அறை வேறு, மைதானம் வேறு. 1965-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி நியூயார்க்கில் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் கச்சேரி நடந்தது. கூட்டம் 55 ஆயிரத்துக்கு மேல். 100 வாட்ஸ் ஆம்ப்ளிபயர்கள் கொண்டு வந்து இருந்தார்கள். ரசிகர்கள் போட்ட கூச்சலில் அவை என்ன ஆயின? வாசித்தவர்களுக்கே தாங்கள் வாசிப்பது சரியாகக் கேட்கவில்லை! அடுத்த ஆண்டோடு அவர்கள் ஊர் ஊராகப் போவதையே நிறுத்திவிட்டார்கள்.

1969-ம் ஆண்டு ஆம்பெக் கம்பெனி 300 வாட்ஸ் ராட்சசன் ஒன்றைச் செய்தது. பெயர் "எஸ்.வி.டி." அதற்கு இரண்டு பீரோ அளவு ஸ்பீக்கர் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் 8 ஸ்பீக்கர்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டி அந்த ஆண்டே அதை எடுத்துக் கொண்டு ஊர் சுற்றியது. தூக்கிய கூலிகளைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

எவ்வளவு பெரிய பெட்டியாக இருந்தாலும் அடிக்குரல் திருகை முழுக்கத் திருகி வைப்பது தவறு. கூடம் உறுமும், என்ன சுரம் என்று தெரியாது. அதைக் கொஞ்சம் குறைத்து, நடுக்குரலைக் கொஞ்சம் கூட்டினால் பாஸ் தெளிவாகப் பேசும்.

நிலவறையில் பிறந்த பாட்டுகள்

இனி, மாடி வரிசையில் உட்கார்ந்து இருந்த ஜேமர்சனிடம் திரும்பலாம்.

அவர் 1936-ம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். நீக்ரோ இனத்தவர் என்று அந்நாளில் எழுதுவார்கள். இன்று கறுப்பர் என்கிறார்கள். 1954-ம் ஆண்டு தாயோடு டெட்ராய்ட் நகருக்கு வந்தார். கார் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் அது. பள்ளிக்கூடத்தில் டபுள் பாஸ் கற்றுக் கொண்டார்.

மோட்டவுன் கம்பெனி அந்த ஊரில் ஒரு சாதாரண வீட்டில் நடந்தது. அங்கே இருந்த ரிக்கார்டிங் அறைக்கு வாத்தியக்காரர்கள் வைத்த பெயர் "பாம்புக் குழி". மேலிருந்து வயர்கள் பாம்பு போல் தொங்கும். அந்தக் குழியில்தான் 1960-களில் உலகமே ஆடிய பாட்டுகள் பிறந்தன. 1964-ல் வந்த "மை கேர்ள்" என்ற பாட்டின் தொடக்கத்தில், யாரும் பாடுவதற்கு முன், "தும்... தும்-தும்" என்று கேட்பது ஜேமர்சனின் பாஸ்தான்.

அவர் வைத்து இருந்தது 1962-ம் ஆண்டுப் பிரிசிஷன் பாஸ். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் மீட்டுவார். மற்றவர்கள் இரண்டு விரல் போட்டாலும் அந்த வேகம் வராது. நண்பர்கள் அந்த விரலைக் "கொக்கி" என்று கூப்பிட்டார்கள். தந்திகளுக்கு அடியில் நுரைப் பஞ்சு வைத்து இருப்பார். ஒலி நீளாமல் நறுக்கென்று நிற்க அது உதவியது.

வழவழப்பான தந்திகளைத்தான் போடுவார். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். விரல் எண்ணெயும் அழுக்கும் ஏறி மங்கிப் போன தந்தியில்தான் தன் நாதம் இருக்கிறது என்பது அவர் கட்சி.

ஆம்ப்ளிபயர்? இரவு விடுதிகளில் ஆம்பெக் பி-15. பாம்புக் குழியிலோ பெரும்பாலும் ஆம்ப்ளிபயரே கிடையாது! பாசின் வயரை நேராக ரிக்கார்டிங் மேஜையில் சொருகி விடுவார்கள். பெட்டிகளைப் பற்றி மேலே சொன்ன கணக்கு எல்லாம் இந்த இடத்தில் உதவாது. அந்தக் கனமும் துள்ளலும் அந்த விரலில் இருந்து வந்தவை. மெக்கார்ட்னியே ஜேமர்சனைக் கேட்டுப் பலவற்றைக் கற்றதாகச் சொல்லி இருக்கிறார்.

பெயர் போடவில்லை

தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. உறையில் பாடியவர் பெயர் இருக்கும், படம் இருக்கும். பாஸ் வாசித்தவர் பெயர் இராது. வாசித்த மற்றவர்கள் பெயரும் இராது. 1971-ம் ஆண்டு மார்வின் கே என்ற பாடகர் வெளியிட்ட தட்டில்தான் மோட்டவுன் முதல் தடவையாக வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிட்டது.

அடுத்த ஆண்டு கம்பெனி டெட்ராய்ட்டை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போய்விட்டது. ஜேமர்சனும் அங்கே போனார். பழைய தந்தி, பழைய ஆம்ப்ளிபயர் எல்லாம் புதியவர்களுக்குப் பிடிக்கவில்லை. வேலை குறைந்தது. முன்பே இருந்த குடிப்பழக்கம் வளர்ந்தது, ஈரல் கெட்டது.

வெள்ளி விழாவை மாடியில் இருந்து பார்த்துவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு ஐந்து மாதம்கூட உயிரோடு இல்லை. அந்தக் கடைசி நாட்களில் அவருடைய 1962-ம் ஆண்டு பாசும் திருட்டுப் போயிற்று. 1983-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி அவர் இறந்தார்.

திருட்டு என்றால் மெக்கார்ட்னியின் 30 பவுன் பாசும் 1972-ம் ஆண்டு லண்டனில் ஒரு வேனில் இருந்து திருடு போனதுதான். அதை விடாமல் தேடினார்கள். ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது. 51 ஆண்டுகளுக்குப் பிறகு அது அவர் கைக்குத் திரும்பி வந்து சேர்ந்த செய்தியை 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் எல்லாப் பத்திரிகைகளும் போட்டன.

ஜேமர்சனைப் பற்றி ஒரு புத்தகம் 1989-ல் வந்தது. அவருடைய தோழர்களைப் பற்றி ஒரு படம் 2002-ல் வந்தது. அமெரிக்காவில் ராக் இசைக் கலைஞர்களைக் கவுரவிக்கும் மண்டபத்தில், பின்னணி வாசித்தவர்களுக்கு என்று 2000-ம் ஆண்டு முதல் தடவையாக இடம் ஒதுக்கினார்கள். அதில் அவர் பெயரும் சேர்ந்தது.

இப்போது அவரைப் போல வாசிக்க விரும்பும் இளைஞர்கள் கடைக்குப் போய், "லா பெல்லா" கம்பெனியின் தடித்த வழவழப்புத் தந்திகளைக் கேட்டு வாங்குகிறார்கள். தந்தியை மாற்றவே மாட்டேன் என்று இருந்த மனிதரின் பெயரில், புத்தம் புதுத் தந்திக் கட்டு விற்பனை ஆகிறது.