நீரிறைக்கும் எஞ்சினுக்குப் பக்கவழி எண்ணெய் வடி

கற்பிட்டிப் பகுதியின் மணல்நிலம் நீரை நெடுநேரம் தாங்கி நிற்பதில்லை. மிளகாயும் வெங்காயமும் வைத்திருக்கும்போது இறைப்பு இரண்டொரு நாள் தடைப்பட்டாற் பயிர் வாடுமென்பதைக் கமக்காரர் அறிவர். ஆகவே டீசல் எஞ்சின் தேய்ந்து நிற்பது பழுதுபார்க்கும் செலவோடு முடிவதில்லை.

தேய்வுக்கு முக்கிய காரணம் மசகெண்ணெயிற் சேரும் கரியும், உலோகத் துகளும், காற்றோடு உட்புகும் நுண்மணலுமாகும். எஞ்சினோடு வரும் வடி பெருந்துகள்களையே தடுக்கும். பக்கவழி வடியோ, பம்பி அனுப்பும் எண்ணெயில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கைப் பிரித்து, நெருக்கமான வடிதாளினூடாக மெல்லச் செலுத்தி, எண்ணெய்த் தொட்டிக்கே திருப்பிவிடும். எஞ்சின் ஓட ஓட எண்ணெய் முழுவதும் சிறிது சிறிதாகத் தூய்மையடையும்.

ஆனால் இவ்வடியை வாங்குமுன் எஞ்சினில் எண்ணெய்ப் பம்பி உண்டா எனப் பாருங்கள். 1929இல் இங்கிலாந்தில் வெளிவந்த லிஸ்ரர் சீ.எஸ். வகையின் 6/1 எஞ்சினில், இணைப்புத் தண்டின் அடியிலுள்ள சிறு அகப்பையே எண்ணெயை வாரித் தெளிக்கிறது. அழுத்தமில்லாத இடத்தில் வடி வேலை செய்யாது. ஒரு தோட்டத்தில் அத்தகைய எஞ்சினுக்கு வடி பூட்டியிருக்கக் கண்டேன். குழாய் வழியே ஒரு துளியும் சென்றிருக்கவில்லை. அவ்வகை எஞ்சினுக்கு, எண்ணெயை உரிய காலத்திற் சூடாயிருக்கும்போதே வடித்து, தொட்டியின் அடிச்சேற்றைத் துடைத்தெடுப்பதே வழி.

பம்பி உள்ளதாயின், அழுத்தமானி பூட்டிய இடத்தில் மூவழி இணைப்பு வைத்து எண்ணெய் எடுக்கலாம். வடிக்குச் செல்லும் வழியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்த் துளை இருத்தல் வேண்டும். சில வடிகளில் அது உள்ளேயே அமைந்திருக்கும். துளை பெரிதானால் எண்ணெய் அவ்வழியே ஓடி, பெயாரிங்குகள் வறண்டுபோகும். எஞ்சின் அதிர்வதால் வடியைச் சுவரிலோ தனிச் சட்டத்திலோ பொருத்தி, வெப்பமும் அழுத்தமும் தாங்கும் வளைகுழாயால் இணையுங்கள். தோட்டத்து நீர்க்குழாய்த் துண்டு உதவாது. அது வெடித்தாற் சில நிமிடங்களில் எண்ணெய் முழுவதும் வெளியேறிவிடும். பூட்டியபின் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, வடியினுட் சென்ற அளவுக்கு எண்ணெய் சேர்த்து, சூடான நிலையில் அழுத்தம் குறைகிறதா என மானியைப் பாருங்கள்.

வடி அழுக்கை நீக்குமேயன்றி, எண்ணெயிற் கலந்த டீசலையோ அமிலத்தையோ நீக்காது. எனவே எண்ணெய் மாற்றுவதை நிறுத்தலாகாது. காற்று வடியையும் கவனியாது விட்டால் மணல் புகுந்துகொண்டேயிருக்கும்.

வடித்த எண்ணெயை மணலில் ஊற்றாதீர்கள். இங்கு நன்னீர், உவர்நீரின் மேல் ஆழமற்ற படையாகவே நிற்கிறது. பயிருக்கு இறைப்பதும் வீட்டுக்கு மொள்ளுவதும் அந்நீரே. பழைய எண்ணெயையும் வடிதாளையும் மூடியுள்ள கலனில் இட்டு, கிணற்றுக்கு அப்பால் வைத்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிடுங்கள்.