நல்ல அறிவியல் சுவரொட்டி எது?



நம் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நடைபெறும் நாளில், மண்டபத்துச் சுவரெங்கும் மணிலா அட்டைகள் அணிவகுத்து நிற்கின்றன. மாணவர்கள் பல நாள் உழைத்து வரைந்த படங்களும் எழுத்துகளும் அவற்றில் நிறைந்திருக்கின்றன. ஒரு நாள் கூலியையும் விட்டு வந்த பெற்றோர்கள் அவற்றைக் கண்டு மகிழ்கின்றனர். ஆயினும், மண்டபத்தை விட்டு வெளியேறும் தந்தை ஒருவரிடம், "உங்கள் பிள்ளையின் அட்டை என்ன கூறுகின்றது?" என்று வினவினால், "நன்றாக வரைந்திருக்கிறான்" என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கின்றது. இது பெற்றோரின் குறையன்று. அட்டையின் குறையே ஆகும். அக்குறை ஏன் நேர்கின்றது, அதனைக் களைவது எவ்வாறு என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஓர் அட்டை கற்பித்த பாடம்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து, ஒரு ரப்பர்த் தோட்டப் பள்ளியில் நான் பணியாற்றத் தொடங்கிய காலம் அது. அவ்வாண்டு மழைக்காலத்தில் லயங்களில் டிங்கிக் காய்ச்சல் பரவிற்று. என் வகுப்பு மாணவி ஒருத்தியும் நோயுற்றுப் பல நாள் மருத்துவமனையில் கிடந்து, இறையருளால் பிழைத்து வந்தாள். அவளுடைய வெற்று நாற்காலியைப் பார்த்தபடி பாடம் நடத்திய நாள்களை இன்றும் நான் மறந்திலேன்.

என்னால் இயன்றதைச் செய்ய எண்ணி, பெரியதோர் அட்டையை எழுதினேன். 'டிங்கிக் காய்ச்சல்' என்று தலைப்பிட்டேன். ஏடிஸ் கொசுவின் உடலமைப்பு, அதன் வாழ்க்கைச் சுழற்சி, நோயின் அறிகுறிகள், தடுப்பு முறைகள் ஆகிய அனைத்தையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். நகரத்தார்க்கென வந்த ஒரு நூலைப் பார்த்துப் பூச்சாடியையும், குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டையும் அழகுற வரைந்தேன். தொழிலாளர்கள் விடியலில் கூடும் பிரட்டுக் களத்தருகே அதனை மாட்டினேன்.

ஒரு வாரம் கழிந்தது. மரம் வெட்டும் அம்மையார் ஒருவர் என்னிடம் வந்து, "வாத்தியாரையா, படம் ரொம்ப அழகா இருக்கு. ஆனா நாங்க என்ன செய்யணும்னு தெரியலீங்களே! இந்தப் பூச்சாடியெல்லாம் துரை பங்களாவுலதானே இருக்கும்?" என்றார்.

அன்று மாலையே லயத்தின் பின்புறமிருந்த பழைய காட்டுக்குள் சென்று பார்த்தேன். வெட்டு நிறுத்தப்பட்ட மரங்களில் மங்குகள் நிமிர்ந்தபடியே இருந்தன. அவற்றில் மழைநீர் தேங்கியிருந்தது, கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. எங்கள் மக்கள் நாள்தோறும் கையாண்ட பொருளை விட்டுவிட்டு, அவர்கள் வீட்டில் இல்லாத பொருளை நான் வரைந்திருந்தேன்!

மறு அட்டையில் இரண்டே படங்கள் இடம்பெற்றன. ஒன்று நீர் நிறைந்த மங்கு. மற்றொன்று கவிழ்த்து வைத்த மங்கு. அவற்றின்மேல் எழுதுவதற்கு 'மங்கைக் கவிழ்த்து வையுங்கள்' என்றொரு தொடரை ஆக்கினேன். அதனைப் படித்த சக ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். மங்கு என்னும் சொல் ஐயுருபு ஏற்று 'மங்கை' என நின்று, பெண்ணைக் கவிழ்க்கச் சொல்வதாகப் பொருள் தந்ததை நான் கவனித்திலேன்! 'வெட்டாத மரத்து மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள்' என்று திருத்தி மாட்டினோம். எழுதியவன் கண்ணுக்குத் தன் பிழை புலப்படாது. ஆகவே, மாட்டுமுன் பிறர் ஒருவரைப் படிக்கச் செய்தல் வேண்டும் என்பதும் அன்று நான் கற்ற பாடமாகும்.

அந்த அட்டையால்தான் காய்ச்சல் தணிந்தது என்று நான் கூறமாட்டேன். புகையும் அடித்தார்கள், மழையும் ஓய்ந்தது. ஆனால், அவ்வாரமே பிள்ளைகள் கூட்டமாகச் சென்று பழைய காட்டு மங்குகளைக் கவிழ்த்ததை என் கண்ணால் கண்டேன். முதல் அட்டையைக் கண்டு ஒருவரும் ஒரு மங்கையும் தொட்டதில்லை. நல்ல சுவரொட்டி எது என்னும் வினாவுக்கு விடை இதிலேயே அடங்கியிருக்கின்றது. ஒரே செய்தியை, பார்ப்பவர் தம்முடையதென உணரும் வண்ணம் கூறுவதே நல்ல சுவரொட்டி.

அறிஞர் அரங்கிலும் இதே குறை

இக்குறை நம் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. அறிவியல் மாநாடுகளில் ஆய்வாளர் எல்லாரும் மேடையேறிப் பேச நேரம் போதாது. ஆகவே, தம் ஆய்வைப் பெரிய தாளில் எழுதி மாட்டி, அதனருகே நின்று விளக்கும் முறை 1960களின் இறுதியில் ஐரோப்பாவில் தோன்றிற்று. 1974இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நடந்த உயிர்வேதியியலார் கூட்டத்திலும் அது மேற்கொள்ளப்பட்டது. இன்று ஏறக்குறைய 84 சென்டிமீட்டர் அகலமும் 119 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட தாள்கள் இத்தகைய அரங்குகளில் பெருவழக்காக உள்ளன.

அத்தாள்களிலும் பொடி எழுத்துகள் மண்டிக் கிடப்பதே வழக்கமாயிற்று. 2019ஆம் ஆண்டில், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவராக இருந்த மைக் மாரிசன் என்பார் இதற்கொரு மாற்றுவழி கூறினார். ஆய்வில் கண்ட முடிவை எளிய சொற்களில் தாளின் நடுவே மிகப் பெரிய எழுத்தில் எழுதுக. மற்றவற்றை இருபுறமும் ஒதுக்குக என்பதே அவர் கருத்து. கடந்து செல்பவர் நில்லாமலே முடிவை அறிவார். ஆர்வமுள்ளவர் நின்று மற்றவற்றையும் படிப்பார். அவர் கூற்றை ஏற்றவரும் உளர். அழகு குன்றுகிறது என மறுத்தவரும் உளர். எனினும், முடிவை முன்னிறுத்த வேண்டும் என்ற கருத்து உலகெங்கும் பரவிற்று.

நம் முன்னோர்க்கும் இது புதிதன்று. நூலுக்குரிய அழகுகள் பத்தினை வகுத்த நன்னூலார், சுருக்கத்தையும் தெளிவையும் அவற்றுள் முதலில் வைத்தார் அல்லரோ?

ஒரு படம் செய்த தொண்டு

படம் என்பது அணியன்று. அதுவே சான்றாகவும் அமையும். 1854இல் இலண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் வாந்திபேதி பரவிப் பலர் மாண்டனர். நோய் கெட்ட காற்றால் வருகின்றது என்று பலரும் நம்பிய காலம் அது. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவரோ குடிநீரையே ஐயுற்றார். இறந்தவர் வாழ்ந்த வீடுகளைத் தெருப் படத்தில் கறுப்புக் கோடுகளால் குறித்தார். கோடுகள் ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குவிந்திருந்தன. பக்கம் பக்கமாக எழுதினும் விளங்காததை, அந்த ஒரு படம் காண்போர்க்கு உடனே விளக்கிற்று. படத்தில் தேவையற்ற கோடு ஒன்றுகூட இல்லாமையே அதன் ஆற்றல்.

அட்டை எழுதும் முறை

இனி, நம் மாணவர் கைக்கொள்ளத்தக்க வழிகளைக் கூறுவேன். பழைய காட்டின் மங்குகளையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலாவது, தலைப்பு. 'ஏடிஸ் கொசு' என்பது பொருளின் பெயர் மட்டுமே. 'கவிழ்த்த மங்கில் கொசு வளராது' என்பது நீங்கள் கண்ட முடிவு. முடிவையே தலைப்பாக்குங்கள்.

இரண்டாவது, எழுத்தின் அளவு. பார்ப்பவர் நிற்கும் தொலைவில் ஒவ்வொரு மீட்டருக்கும் எழுத்து அரை சென்டிமீட்டர் உயரம் இருத்தல் வேண்டும் என்பது கைக்கணக்கு. நான்கு மீட்டர் தொலைவுக்கு 2 சென்டிமீட்டர் ஆகின்றது. சுழியும் கொம்பும் புள்ளியும் கொண்ட நம் தமிழெழுத்துக்கு இன்னும் சற்றுப் பெரிதாக எழுதுதல் நலம். தலைப்புக்கு 4 சென்டிமீட்டர் வைத்துக்கொள்ளலாம். எழுதி முடித்தபின் அட்டையைச் சுவரில் சாய்த்து, வகுப்பறையின் மறுகோடியில் நின்று படித்துப் பாருங்கள்.

மூன்றாவது, வண்ணம். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து தூரத்தில் மறைந்துவிடும். கறுப்பும் கருநீலமும் தெளிவாகத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவரும் நம்மிடையே உளர். ஆதலால், வண்ணத்தை மட்டும் நம்பாது, படத்தின் அருகே பெயரையும் எழுதுங்கள். அட்டையில் வெற்றிடம் விடுவதற்கு அஞ்ச வேண்டா. வெற்றிடமே கண்ணை உரிய இடத்துக்கு அழைத்துச் செல்லும்.

நான்காவது, செய்முறை. எத்தனை மங்குகள், எவ்விடம், எத்தனை நாள் என்பவற்றைச் சுருக்கமாக எழுதுங்கள். இதைப் படிக்கும் வேறொரு மாணவர் அச்சோதனையைத் தாமே செய்து பார்க்க இயல வேண்டும். இத்தகைய சோதனைக்கு ஆசிரியருடன் மட்டுமே செல்லுங்கள். ஏடிஸ் கொசு முட்டை பொரிந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரமே போதுமாகலின், எண்ணியவுடன் அந்நீரை வறண்ட மண்ணில் கொட்டிவிடுங்கள். நீர் வற்றினும் அதன் முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே, மங்கின் உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவுங்கள்.

ஐந்தாவது, உண்மை. நிமிர்ந்தவை 20, கவிழ்ந்தவை 20 எனச் சோதித்ததாகக் கொள்வோம். கவிழ்த்த மங்கு ஒன்றின் அடிவிளிம்பில் சிறிது நீர் தேங்கி, அதில் புழு இருந்தது எனக் கொள்வோம். 'தலைப்பு கெடுகிறதே' என்று அதனை மறைத்தல் தகாது. அட்டையில் 20க்கு 1 என்று எழுதுங்கள். தலைப்பையும் 'கவிழ்த்த மங்கில் கொசு அரிது' என்று மாற்றுங்கள். பட்டை வரைபடத்தைச் சுழியத்திலிருந்து தொடங்குங்கள். இல்லையேல் சிறு வேறுபாடும் மலைபோல் தோன்றும். பரிசுக்காக எண்ணை மாற்றும் பிள்ளை அறிவியலை விட்டு விலகிச் செல்கிறான்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

தமிழ்ப்பள்ளி மாணவர்க்கென அஸ்தி என்னும் அறிவியல் அமைப்பு அறிவியல் விழாக்களை நடத்தி வருகின்றது. அவ்விழாவுக்கு என்ன பொருளை எடுப்பது என்று பிள்ளைகள் கேட்கும்பொழுது, கடையில் அச்சிட்ட படத்தை வாங்கித் தருவதற்கு முன், உங்கள் அனுபவத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பொழுது விடியுமுன் வெட்டினால் பால் மிகுதியாக வடியும் என்பதை மரம் வெட்டியவர் எல்லாரும் அறிவர். அதன் காரணம் என்ன? இரவில் இலைகள் நீரை மிகச் சிறிதே இழக்கின்றன; அதனால் பால் குழல்களில் அழுத்தம் மிகுந்திருக்கின்றது. வெயில் ஏற ஏற இலைவழி நீர் வெளியேற, அழுத்தம் குறைந்து வடியும் பாலும் குறைகின்றது. வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்வதற்கும் காரணம் உண்டு. பால் குழல்கள் பட்டையினுள் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றன. அவ்வாறு வெட்டினால் குழல்கள் பல அறுபடுகின்றன. தாத்தாவின் கைப்பழக்கத்தில் இத்துணை அறிவியல் அடங்கியிருக்கின்றது! 'விடியற்காலைப் பால் ஏன் மிகுதி?' என்று ஒரு பேத்தி அட்டை எழுதினால், அதைவிடச் சிறந்த தலைப்பு வேறு உண்டோ?

மாணவச் செல்வங்களே! நம் வட்டாரத்து ரப்பர்க் காடுகள் பலவும் மறைந்து, வீடுகளும் தொழிற்கூடங்களும் எழுந்துவிட்டன. மங்குகளும் அருகிவிட்டன. ஆனால், நீர் தேங்கும் வாளியும் பழைய டயரும் அடைபட்ட கூரைக் கால்வாயும் இன்றும் உள்ளன. டிங்கியும் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. அடுத்த கண்காட்சிக்கு அட்டையை எடுக்குமுன், உங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். அங்கே நீங்கள் கண்ட ஒன்றை, உங்கள் பாட்டியும் படித்து உடனே எழுந்து சென்று செய்யும்படியாக எழுதுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். உங்கள் அட்டைச் சுரைக்காய் கறிக்கு உதவட்டும்!