செலவும் விலையும்

பேத்தியின் மருத்துவப் படிப்பிற்காகச் செட்டிநாட்டு மாளிகையை விற்க முனைந்த என் நண்பர், 5 கோடி ரூபாய் கேட்டார். மந்தமான சந்தையில் 4 கோடிக்கு மேல் தருவார் இல்லை. "பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் இழைத்த வீடாயிற்றே!" என்றார்.

முன்னோர் செய்த செலவு வேறு. இன்று கிடைக்கும் விலை வேறு. பெருவீடு வாங்க வல்லார் சிலரே. ஆதலின், அருகில் அண்மையில் பதிவான விற்பனைகளே விலைக்கு உரைகல்.

கணக்கிட்டுப் பாருங்கள். 4 கோடி ரூபாய், நூற்றுக்கு 7 வட்டியில், 2 ஆண்டுகளில் 56 லட்சம் ஈட்டும். ஈராண்டு காத்திருந்து நாலரைக் கோடி பெற்றாலும் நட்டமே அன்றோ?

நண்பர் காத்திருந்தார். மழைநீர் ஒழுகிச் சுவர்ச் சுண்ணம் உதிர்ந்தது. மூன்றாம் ஆண்டில் மூன்றரைக் கோடிக்கு விற்றார். பேத்தி கல்லூரியிற் சேரவேண்டிய ஆண்டோ கடந்துவிட்டிருந்தது. ஏற்ற காலத்தில் பெறும் விலையே நல்ல விலை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.